நாலாம் நாள் நிறம் மாறிய குழாய்

ஆய்வுக்கூடத்தில் அந்த அக்காவுக்கு ‘பொறுங்க’ என்றுதான் பெயர். யார் போய் முடிவு கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அது. முப்பது வருடமாகக் கிருமி பார்க்கிறவர். ஒரு சோதனை சொன்னதை இன்னொரு சோதனையிடமும் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். விடுதிச் சமையல்காரனுக்கு அடுப்பு காத்திருக்குமா?

வருடா வருடம் எங்களுக்கு மலப் பரிசோதனை உண்டு. பால் சர்க்கரை கலந்த தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். வயிற்றில் குடியிருக்கும் சாதுக் கிருமி சர்க்கரையைத் தின்று தட்டைச் சிவக்க வைக்கும். டைபாய்டு கிருமி தொடாது. அந்த வருடம் என் தட்டு சிவக்கவில்லை.

“டைபாய்டுன்னு உறுதியாச்சுன்னா வேற ஆள் போட்டுடுவேன்” என்று விடுதிக் காப்பாளர் என்னை வெளியே நிறுத்திவிட்டார். இருபது வருட வேலை. வீட்டில் என் மனைவிகூட என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள்.

நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கத்தினேன்.

“பொறுங்க மாஸ்டர்” என்றார் அக்கா. “ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்கள்ல ஒண்ணு அள்ளிப் போட்டுக்கும், ஒண்ணு கொறிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். சாதுக் கிருமியிலயும் அப்படி உண்டு. உங்களோடது மெதுவா தின்னுற ரகமான்னு பாக்கணும்.”

“அப்போ நான் சமைக்கலாம்ல?”

“கூடாது. இப்போ உங்க கையால நானே ஒரு வாய் சாப்பிடமாட்டேன்.”

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் போய் நின்றேன். இரண்டு சர்க்கரைக் குழாய்கள்: ஒன்றில் என் கிருமி, இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்க நிஜமான டைபாய்டு கிருமி. இரண்டுமே சிவப்பு; தட்டு போல இல்லை, குழாயில் கிருமி சர்க்கரையைத் தின்றால் சிவப்பு மஞ்சளாகும். நாலாம் நாள் என்னுடையது மட்டும் மஞ்சளாகியிருந்தது. மற்ற சோதனைகளும் ஒத்துப்போன பிறகே அக்கா கையெழுத்திட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காகிதம் வந்தும் காப்பாளருக்கு மனசில்லை. “நாளைக்கு வேற மாதிரி சொன்னா?” என்று இழுத்துக்கொண்டேதான் சமையலறைக்குள் விட்டார். மதியம் சமைத்து வைத்துவிட்டு நின்றேன். பிள்ளைகள் வாசலிலேயே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். கை கழுவி, முதல் மேசையில் உட்கார்ந்தார்.

“பசிக்குது மாஸ்டர். போடுங்க.”

அந்த மனுஷிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பரிமாறிவிட்டு, “பொறுங்கக்கா, கொதிக்குது” என்றேன்.

அவர் பொறுக்கவில்லை.