பக்கத்து மாவட்டம்

வெர்லீன் எதையும் லேசில் வாங்கிவிடுகிற பெண் இல்லை. அலபாமாவில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷமாக முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள். ஒரு டப்பா பீன்ஸ் என்றாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். புயல் எச்சரிக்கை ரேடியோ வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டும். காது மந்தமான மனுஷனையும் நாற்காலியிலிருந்து தூக்கிப் போடுகிற சத்தம் வேண்டும். எந்தெந்த மாவட்டத்துக்குப் புயல் என்றால் அலற வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கிற வசதியும் வேண்டும்.

"ஒரு ரேடியோவுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்? என்னக் கட்டிக்கிறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலியே" என்றான் கணவன் ஹோய்ட்.

"அப்ப யோசிக்காம விட்டதுக்குத்தான் இப்ப சேத்துவச்சு யோசிக்கிறேன்."

ஹோய்ட் முப்பது வருஷம் மரலாரி ஓட்டி இரண்டு முட்டியையும் தொலைத்தவன். அவர்கள் வீடு ஹால்ஸி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில். இரண்டு வயலைத் தாண்டினால் மார்பெரி மாவட்டம். வீடு பள்ளத்தில் இருந்ததால் செல்போன் சிக்னல் எட்டாது; பழைய கம்பி போன்தான். வீட்டுக்குப் பின்னால், மண்ணுக்குள் கான்கிரீட் போட்ட நிலவறை இருந்தது. சுழல்காற்று வந்தால் அதற்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டால் உயிர் தப்பும்.

கடைக்கார கார்லன்தான் ரேடியோவில் மாவட்டங்களைப் பதிந்து கொடுத்தான். "ரெண்டையும் போட்டுட்டேன், வெர்லீன் அம்மா. புயல் மேக்கேருந்துதான வருது? மார்பெரிய விட்டுடாதீங்க."

அந்த மார்ச்சில் ரேடியோ பதினொரு தடவை அலறியது. பதினொன்றும் மார்பெரிக்கு. அதுவும் எங்கோ நாற்பது மைல் தள்ளி, அதன் வடக்குக் கோடிக்கு. ஒவ்வொரு தடவையும் ஹோய்ட் தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, ஏழு படி இறங்கி, பிறகு முகம் வெளுத்து ஏறி வருவான். "அந்த மாவட்டத்துக்காரன் தும்முனாக்கூட நான் குழிக்குள்ள எறங்கணுமா?" என்று கத்துவான்.

பதினொன்றாவது தடவை மூன்றாம் படியில் சறுக்கி விழுந்தான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்துவிட்டது. அவள் கழுவி மருந்து போடும்போது, அத்தனை பெரிய ஆள், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, ரேடியோவின் பொத்தான்களை அமுக்கி மார்பெரியை எடுத்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பாதி வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ரேடியோ அடங்கிப்போனது. "பாத்தியா, அதுக்கும் புத்தி வந்துடுச்சு" என்று ஹோய்ட் ஊரெல்லாம் சொன்னான்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை மதியம். மேற்கு வானம் பாசி பிடித்த குளம்போலப் பச்சையாகக் கறுத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் குந்தவைத்துக்கொண்டிருந்த பரபரப்பில், பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு வெர்லீன் வீட்டுக்கு போன் போட்டாள்.

"ரேடியோ கத்துச்சா?"

"மூச்சே விடல. நீ வச்சிட்டுப் போன பீன்ஸத் தின்னுக்கிட்டிருக்கேன். உப்பு கம்மி."

மார்பெரியை எடுத்தது அந்த நிமிஷத்தில் அவள் நினைப்பிலேயே இல்லை. "அப்ப நேரமிருக்கு. நிதானமா சாப்பிடு. அது கத்துனா கெளம்பு" என்றாள். போனை வைத்தாள்.

ஹால்ஸிக்கு எச்சரிக்கை வந்தது பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு. ஐம்பத்து மூன்றுக்கு வீடு இல்லை. அடுக்களைக் கதவு இருந்த இடத்துக்கும் நிலவறைக்கும் நடுவில் ஹோய்ட் கிடந்தான். தடியை விடாமல் பிடித்திருந்தான்.

சர்ச் ஆட்கள் மகள் வீட்டுக்குத் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மகள் லேசி வந்தவர்களிடமெல்லாம், "அந்தப் பாழாப்போன ரேடியோதான் எங்கப்பாவக் கொன்னுச்சு. ரெண்டே நிமிஷம் முன்னாடி கத்துனா யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று சொல்லி அழுதாள். ரேடியோ செய்த கம்பெனிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினாள். வெர்லீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். சொன்னால் இருக்கிற ஒரே மகளும் போய்விடுவாளோ என்று பயம். அந்தப் பயத்திலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஜூனில் லேசி தன் வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்கு வந்தாள். தோளில் ஐந்து மாதக் குழந்தை. அவள் வீடும் எல்லையிலிருந்து அரை மைல்தான். "அந்தக் கம்பெனி மட்டும் வேணவே வேணாம்" என்று வேறொன்றை எடுத்தாள்.

கார்லன் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். "ரெண்டு மாவட்டமும் போட்டுடவா?"

"வேணாம். நம்மளுது மட்டும் போதும். சும்மா சும்மா கத்துனா பாப்பா முழிச்சுக்கும்."

வெர்லீன் அட்டைப்பெட்டியின் மேல் கையை வைத்தாள். "மார்பெரியும் போடு, கார்லன்."

"எதுக்கும்மா? அது வேற மாவட்டம்."

"போடுன்னா போடு!" கடையே திரும்பிப் பார்த்தது. "அந்த ரேடியோ ஒழுங்காத்தான் இருந்துச்சு, லேசி. நான்தான் மார்பெரிய எடுத்துட்டேன். அப்பா கால் வலியில துடிக்கிறதப் பாக்க முடியாம எடுத்துட்டேன். அவருக்குத் தெரியாது."

கார்லன் தலையைக் குனிந்துகொண்டான். லேசி குழந்தையை இறுக்கிப் பிடித்தாள்.

"மார்பெரிக்கு எப்ப சொன்னாங்க?"

"பன்னெண்டு நாப்பதுக்கு."

லேசியின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

"பதிமூணு நிமிஷம்" என்றாள் லேசி. "அப்பாவால முடிஞ்சிருக்காதும்மா. அந்தக் கால வச்சுக்கிட்டு முடிஞ்சிருக்காது. இல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெர்லீனால் சொல்ல முடியவில்லை.

"ஒம்போது நிமிஷம்" என்றாள். "அவரு நாற்காலி கெடந்த எடத்துலேருந்து நிலவறை வரைக்கும், அவர மாதிரியே நொண்டி நொண்டி நடந்து பாத்தேன். தெனமும் போய் நடக்குறேன். ஒரு நாளாவது பதினாலு ஆகாதான்னு நடக்குறேன். ஆகமாட்டேங்குது, லேசி."