அவசர வாசல்

1. பேராதனை வீதியில், எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள உணவகத்தைத் திருத்திக் கட்ட நான்தான் வரைபடம் கீறினேன்.
2. தீப்பற்றினால் வெளியேற இன்னொரு வழி தேவைப்பட்டது. ஒழுங்கைப் பக்கம் ஒரு கதவு வைத்து, ‘அவசர வாசல்’ என்று எழுதினேன்.
3. அடுத்த வருடம் உணவகத்துக்கு மதுபான அனுமதிப்பத்திரம் கிடைத்தது.
4. பிரதான வீதியில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று, குடிக்க வந்தவர்கள் என் கதவால் நுழையத் தொடங்கினார்கள்.

நான்காவதை நான் யோசித்திருக்க வேண்டும். கண்டியில் யாரும் முன்வாசலால் குடிக்கப் போவதில்லை.

அந்தக் கதவுக்கு நேர் எதிரே எங்கள் வீடு. முன்னறையில் அக்கா பின்னேரங்களில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவிகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். பதினொரு பேர் வந்தார்கள். ஒழுங்கையில் நின்றவர்களின் கேலி தாங்காமல் நான்கு பேர் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். “டீச்சர், ஒங்க மேல பிழையில்ல. அந்தக் கதவத் தாண்டி புள்ளைய அனுப்ப பயமா இருக்கு” என்றார் ஒரு தாய்.

“நீ கீறுன கதவுதானே, நீயே அழிச்சிரு” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கதவால் ஆட்கள் நுழைவதை நிறுத்தக் கேட்டு மனு எழுதிக் கையெழுத்துச் சேர்த்தேன். பக்கத்துக் கடைக்கார நானா பேனையை வாங்கியபடி சொன்னார்: “தங்கச்சி, ஒங்கட கதவால எங்கட கடையில சோடா நல்லாப் போகுது. பரவால்ல, எனக்கும் பொம்புளப் புள்ளைகள் ஈக்கிது.”

பிரதேச செயலகத்தில் விசாரணை நடந்தது. உணவக உரிமையாளர் வரைபடத்தை விரித்தார். “அவசரத்துக்கு மட்டும்தான் சேர். இவங்களே எழுதியிருக்காங்க, இப்ப இவங்களே முறைப்பாடு!”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். கீறியது நான்தான் என்றேன். வரைபடத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்த குறிப்பின் மூன்றாம் வரியைக் காட்டினேன்: கதவு உள்ளிருந்து மட்டும் திறக்க வேண்டும், வெளிப்புறம் கைப்பிடி கூடாது.

மறுநாள் அதிகாரி நேரில் வந்தார். வெளியே பித்தளைக் கைப்பிடி பளபளத்தது. கழற்றச் சொன்னார், அன்றே கழற்றினார்கள்.

இப்போதைய நிலை இது. அனுமதிப்பத்திரம் இருக்கிறது. கைப்பிடி இல்லை, ஆனால் சில நாட்கள், தட்டினால் உள்ளிருந்து யாரோ திறந்துவிடுகிறார்கள். மாணவிகளில் இருவர் திரும்பியிருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் அக்கா எல்லோரையும் பஸ் தரிப்பிடம் வரை கூட்டிப் போகிறாள். அனுமதிப்பத்திரம் வருட முடிவில் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான ஆட்சேபனைக் கடிதத்தை எழுதிவிட்டேன், வரைபடத்தின் பிரதியும் இணைத்திருக்கிறேன்.