டிபன் கடைக்காரரின் மனைவி

என் கையெழுத்து கோணல், எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் பெருங்களத்தூரில் டிபன் கடை வைத்திருந்தவர். அவள் என்னைத்தான் கேட்டுக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் முடிச்சூரில் எங்கள் வீட்டில் மோட்டார் நின்றாலோ, சுவரில் ஓதம் ஏறினாலோ அந்த மனிதர் பேச்சில் வந்துவிடுவார்.

"அவரைக் கட்டியிருந்தா இந்நேரம் கல்லாவுல ஃபேனுக்குக் கீழ உக்காந்துகினு இருப்பேன்" என்பாள்.

நான் மனதுக்குள் அவருக்கு வழுக்கை விழவைப்பேன், சர்க்கரை வியாதி கொடுப்பேன், பயங்கரமாகக் குறட்டை விடச்செய்வேன். அப்படியும் ஒரு பயம் போகவில்லை. நிஜமாகவே வருத்தப்படுகிறாளோ?

போன வாரம் மறுபடியும் மோட்டார் நின்றது. நான் வாளியை எடுப்பதற்குள் அவள் பேச்சிலேயே அந்தக் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டாள். துணிந்து கேட்டேன்.

"அப்போ நான் இன்னா பண்ணிகினு இருப்பேன்?"

"நீயா? தினம் காலைல எங்க கடைக்குத்தான் வருவ. தலையத் தூக்காம இட்லி துன்னுட்டுப் போவ."

"எனக்குக் கல்யாணம் ஆயிருக்காதா?"

"உனக்கு எவ கீறா? அந்த ஆளுக்குத் தெரியாம உன் தட்டுல நான்தான் ஒரு வடை வெப்பேன்."

தினமும் வருவேன் என்று சொல்ல நினைத்தேன். வெட்கத்தில், "சட்னி கெட்டியா இருக்குமா?" என்றுதான் கேட்க வந்தது.

சொல்லாமல் விட்டதை எழுதிவிட்டேன். ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.