கேட்டில் தொங்கிய வைரஸ்

செங்கல்பட்டுக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மரபணுச் சிகிச்சைக்காக, நோயுண்டாக்காதபடி மாற்றிய வைரஸுக்குள் நல்ல மரபணுவை ஏற்றி நோயாளியின் உடலுக்குள் அனுப்புவார்கள். அந்த வைரஸைச் செல்களில் வளர்த்தால் செல்களின் குப்பையும் கூடவே வரும். குப்பையை விலக்கி வைரஸை மட்டும் பிரித்தெடுக்கத்தான் கெமிக்கல் இன்ஜினியரான நான்.

ஒருநாள், இரண்டு வாரம் பாடுபட்டு வளர்த்த வைரஸ் முழுக்க வடிகட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. எரிச்சலோடு ரயிலேறிக் கூடுவாஞ்சேரி வந்து சேர்ந்தால், கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் வீட்டுக்கார அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார்.

“ஆமா, நீ இன்னா வேலமா செய்ற? குடி வந்து ஒரு வருஷமாவுது, இன்னும் தெர்ல.”

விளக்கத் தெம்பில்லை. “வைரஸைக் குளிப்பாட்டுறேன்க்கா.”

“சோப்பு போட்டா?”

“உப்புத் தண்ணில.”

பொய்யில்லை; வடிகட்டியில் ஒட்டிய வைரஸை உப்புக் கரைசல் ஊற்றித்தான் கழுவி இறக்குவோம். அவர் முகம் போன போக்குதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

மறுநாள் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது: ‘இங்கு வைரஸ் உள்ளது. வண்டி நிறுத்தாதீர்.’ பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் எங்கள் கேட்டை அடைத்துக் கார் நிறுத்துவது அக்காவுக்குத் தீராத தலைவலி. அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குத் தெருவே நிரம்பி வழிய, எங்கள் வாசல் மட்டும் காலி. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார். அட்டையைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டிய நான், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை சிலிண்டர் கொண்டுவந்தவர், அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

“வூடு வரைக்கும் வாங்கண்ணா.”

“எனக்குப் புள்ளகுட்டி கீதுமா. நீயே உருட்டிகினு போ.”

உருட்டினேன். அக்காவுக்கும் அந்த வாரம் ரவிக்கைத் துணி ஒன்றுகூட வரவில்லை. படியேறி வந்தார்.

“நெசமா இன்னாதான் பண்ற, ஒயுங்கா சொல்லு.”

இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். வீட்டுக்கு எதுவும் வராது என்றேன். பார்வை மங்கிக்கொண்டே போகும் குழந்தைகளுக்கான மருந்துக்குத்தான் இவ்வளவும் என்றேன்.

“அப்ப நல்லது பண்ற வைரஸா? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?”

அட்டையைக் கழற்றுவார் என்று நினைத்தேன். ‘வைரஸ்’ என்பதற்கு முன்னால் ‘நல்ல’ என்று சிவப்பு மையில் சேர்த்து எழுதினார்.

ஆய்வகத்தில் உப்பின் அளவை மாற்றிப் பார்த்தோம். பாதி வைரஸாவது ஒட்டாமல் இறங்கியது. வீட்டிலோ, ரவிக்கை தைக்க வந்தவர்கள் மாடிக்கும் ஏறி வர ஆரம்பித்தார்கள். ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எம் பையனுக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது. அதுக்கு எதுனா வைரஸ் கீதாமா?”