கோவளத்திலிருந்து ஒரு பாட்டில் ரத்தம்

காலை ஏழு மணிக்குக் கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். என் மனைவி செல்விக்கு இலவசம். எனக்கு மட்டும் டிக்கெட். வண்டலூர் வழியாகத் தாம்பரம் இருபத்தைந்து கிலோமீட்டர். பைக்கில் விழுந்து காலை முறித்துக்கொண்ட அவள் தம்பிக்கு அங்கே ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். வீட்டில் நான்தான் ஆண்பிள்ளை.

நான் கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவன். ரத்தம் கொடுத்தவன் கையில் வலை இழுக்க வலு இருக்காது என்பது எங்கள் கரைப் பேச்சு. வண்டலூர் தாண்டும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எட்டரைக்குத் தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுக்கும் அறைச் சுவரில் அதன் நன்மைகளை எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவ்வளவு நல்லதென்றால் சுவரில் எழுதிக் கூப்பிடுவானேன்?

வெள்ளைக் கோட்டுப் பெண் சிரித்தபடி சொன்னாள்: "உங்க ரத்தம் உங்க மச்சானுக்கே போகாதுண்ணா. அவருக்குச் சேர்றது ஏற்கெனவே இங்க இருக்கு. இது வேற யாருக்காவது."

கையை மடக்கிக்கொண்டேன். செல்வி கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, எங்காளு ரத்தத்த எடுத்து எவனுக்கோ விக்கப் போறியா?"

"அக்கா, உங்க தம்பிக்கு ஏத்தப் போறதும் யாரோ குடுத்துட்டுப் போனதுதான். யாருன்னு எனக்கே தெரியாது."

செல்வி என்னைப் பார்த்தாள். எங்கள் கரையில், முடியாமல் வீட்டில் இருப்பவனுக்கும் மீனில் ஒரு பங்கு எடுத்து வைப்போம். அது நினைவுக்கு வந்தது. கையை நீட்டினேன். கண்ணை மட்டும் ரத்தம் நிறையும் பையிலிருந்து எடுக்கவில்லை.

"கடலுக்கு லைப் ஜாக்கெட் போட்டுட்டுப் போவீங்களா?" என்றாள், படிவத்தில் என் தொழிலைப் பார்த்த அந்தப் பெண்.

"வலை இழுக்க இடைஞ்சல்."

"அய்யோ! நானா இருந்தா மணலைத் தாண்ட மாட்டேன்."

இந்தச் சின்னக் கடலுக்கா பயம் என்று சிரிப்பு வந்தது. ஊசி அசைந்ததும் நின்றது.

முடிந்ததும் ஜூஸ் கொடுத்தார்கள். அதில் என்ன கலந்திருக்குமோ என்று மோந்து பார்த்தேன்.

"குடு, நான் பாக்கறேன்" என்று வாங்கிய செல்வி ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. "ஒண்ணும் ஆகல. உனக்குத்தான் இல்ல." அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு இன்னொன்று கொண்டுவந்தாள்.

மூன்று மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். செல்வி தம்பியோடு இருந்துகொண்டாள். திரும்பும் பஸ்ஸில் கை மரத்ததுபோல் இருந்தது, அழுத்தினால் சரியாக இருந்தது, மறுபடி மரத்தது.

இருட்டுவதற்குள் குப்பம் வந்துவிட்டேன். வாசலில் ஒரு சட்டி கவிழ்த்து மூடியிருந்தது. உள்ளே நாலு சங்கரா மீன். அன்று நான் போகாத கடலில் பிடித்தது. யார் வலையில் விழுந்தது என்று கேட்காமல், அதே கையால் கழுவ எடுத்தேன்.