டாக்டரம்மா மாஸ்க்கை இறக்கிய அந்த நிமிடம்

என் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். வலது கை துவண்டு தொங்குகிறது. என்னைச் சுற்றி ஆறேழு பேர். எல்லோரும் ஏதோ பேசுகிறார்கள், என்னிடமும் ஏதோ கேட்கிறார்கள். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. எனக்குக் காது கேட்காது. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைத் தெரிந்துகொள்வேன். அன்றைக்கு அந்த அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த அத்தனை பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள்!

மாரியாத்தாளை நம்பி வாழும் என் சொந்தங்களே, போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். பெரிய மாரியம்மன் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. பதினோரு வயதில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அம்மா கோவிலே கதியென்று கிடந்தாள். காய்ச்சல் இறங்கியது, காதும் போய்விட்டது. அன்றிலிருந்து ஆத்தாளோடு எனக்குப் பேச்சே கிடையாது. பங்குனியில் பூக்குழித் திருவிழாவுக்கு ஊரே திரண்டு போகும். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். 'என் காதை எடுத்தவளிடம் எனக்கு என்ன வேலை?' இருபத்தாறு வருஷம் இந்தக் கோபத்தோடுதான் இருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ராஜபாளையம் பக்கம் குடிவந்தோம். பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கொட்டகையில் எனக்கும் அவருக்கும் வேலை. தறிகள் ஓடும்போது அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லோரும் வாயசைத்து, கையசைத்துத்தான் பேசுவார்கள். அதனால் எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வெளியில் யாராவது என்னிடம் பேசினால் அவர்தான் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லுவார். அவர்தான் எனக்குக் காது.

அன்று காலை பத்து மணிக்குத் தறிகளை நிறுத்தினார்கள். டீ குடித்தோம். சரியாகப் பத்து பத்துக்கு மறுபடி தறியைப் போடுவது எங்கள் கொட்டகை வழக்கம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஏட்டி, நூல மாத்திட்டு..." என்றார். பாதியிலேயே அவர் வாய் எனக்குப் புரியாமல் போனது. வலது ஓரம் அசையவே இல்லை. பதினான்கு வருஷமாக அந்த வாயைப் பார்த்துத்தான் நான் வாழ்கிறேன். எட்டிப் பிடிப்பதற்குள் தறியின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

முதலாளியின் வண்டியில் தூக்கிப் போட்டு ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கூட வந்தவர் அடுத்த தறியில் வேலை செய்யும் தங்கராசு அண்ணன். என் போன் சாப்பாட்டுப் பையோடு கொட்டகையிலேயே கிடந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு இளவயது டாக்டரம்மா ஓடிவந்தார். சளிக்காய்ச்சல் பரவியிருந்த சமயம், கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் விழித்தேன். மறுபடி கேட்டார். "கேக்கல, எனக்குக் கேக்கல" என்று சொன்னேன். பயம் வந்தால் என் பேச்சு குழறும். கத்துகிறேனா முனகுகிறேனா என்று எனக்கே தெரியாது. எதிரில் இருந்த கண்கள் சுருங்கின. நர்ஸம்மா என் தோளைப் பிடித்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். நான் நிலைகொள்ளாமல் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டார்களாம். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். அண்ணனும் இருந்த பதற்றத்தில் எனக்குக் காது கேட்காது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

டாக்டரம்மா தங்கராசு அண்ணனிடம், "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டிருக்கிறார். "நேத்து சாயந்தரமே தலைய சுத்துதுன்னான் டாக்டர்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அது மத்தியானம் சாப்பிடாமல் வேலை பார்த்த மயக்கம். வீட்டுக்கு வந்து நாலு தோசை தின்றதும் தெளிந்துவிட்டார். காலையில் என்னைக் கேலி செய்துகொண்டேதான் சைக்கிளை மிதித்தார். அது எனக்கு மட்டும்தானே தெரியும்?

நான் பெஞ்சில் கிடந்தேன். கதவின் கண்ணாடி வழியாக அவர் கால் மட்டும் தெரிந்தது. ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தேன். தலையில் கை வைத்துக் குனிந்திருந்தார்.

அப்போதுதான், என்னையும் அறியாமல், இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"ஆத்தா! என் காத எடுத்துக்கிட்ட. எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும், திருப்பிக் கேக்கல. இப்ப ஒரே ஒரு வாயக் காட்டு எனக்கு. உள்ள என்ன பேசுதாகன்னு மட்டும் காட்டு. இந்த மனுசன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கண்ணை மூடி அழுதேன். கண்ணைத் திறந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூரத்து மேஜையருகே, அந்த டாக்டரம்மா பெரிய டாக்டரிடம் பேசப் போனை எடுத்துக் காதில் வைத்தார். பேசுவதற்கு வசதியாக மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினார்!

எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். நடுவில் கதவு, கட்டில்கள், ஆட்கள். காது நன்றாக இருப்பவர் யாருக்கும் அங்கிருந்து ஒரு எழுத்துகூடக் கேட்டிருக்காது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது! "ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்ல சார்... ஆனா நேத்து சாயந்தரமே ஆரம்பிச்சிருக்கு... ஆமா சார், ஊசி போடுற நேரம் தாண்டிருச்சு."

நேற்றா? நேற்று எங்கே ஆரம்பித்தது!

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நர்ஸம்மா மறித்தார், விலக்கிவிட்டேன். டாக்டரம்மா முன்னால் நின்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். இரண்டு கைவிரல்களையும் விரித்து விரித்துக் காட்டினேன். "பத்து பத்து! இன்னைக்கு! நேத்து இல்ல! பத்து பத்து!"

அவர் திகைத்தார். மாஸ்க்கை ஏற்றப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். "மூடாதீக தாயி! எனக்குக் காது கேக்காது. வாயப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். போனில் "ஒரு நிமிஷம் சார்" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தானும் எதிரே உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, இது ரொம்ப முக்கியம். அவர் கடைசியா நல்லா இருந்தது எப்போ?"

"பத்து மணிக்கு டீ குடிச்சாரு. கிளாஸ வலது கைலதான் பிடிச்சாரு. நல்லாப் பேசுனாரு."

"நேத்து தலை சுத்துச்சுன்னு சொன்னாங்களே?"

"அது பசி மயக்கம். சாப்பிட்டாரு, சரியாப் போச்சு. காலைல சைக்கிள் ஓட்டிட்டு வந்தாரு."

"பத்து பத்துன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?"

"தறி போடுத நேரம் தாயி. நான் அவரு வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பேசும்போதே ஒரு பக்கம் நின்னு போச்சு."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணி ஆகவில்லை. தங்கராசு அண்ணனைக் கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டரம்மா என் கையை ஒரு தடவை அழுத்தினார். "நேரம் இருக்கும்மா! ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். மூளைல அடைச்சிருக்கிற ரத்தக் கட்டியக் கரைக்க ஊசி போடப் போறோம். ரத்தக் கசிவு ஆபத்தும் இருக்கு. சம்மதமா?" அதையும் மறைக்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என்ன செய்யப் போகிறார்கள் என்று முழுதாகத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஊசி ஏறியது. மருந்து முழுவதும் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க ஆத்தாளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். பேசாமல் விட்ட வருஷங்களுக்கும் சேர்த்துப் பேசினேன்!

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவருடைய வலது கை விரல் அசைந்தது. முதலில் ஒன்று. பிறகு மொத்தமாக. கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை என்று நர்ஸம்மா தலையசைத்தார். குரல் யாருக்கு வேண்டும்? "சாப்டியா?" என்றார். எனக்குப் புரிந்தது! "சாப்டியான்னு கேக்காரு!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்ததாம்.

எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியாது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது. பத்து நாளில் கைத்தடியோடு நடந்து வீட்டுக்கு வந்தார். தை மாதம் மறுபடி தறிக்குப் போனார். விரல் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. அதனால் என்ன?

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டரம்மா மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, என்னிடம் ஒன்று கேட்டார். "அன்னைக்கு நாங்க என்ன செஞ்சிருக்கணும்? நீங்க சொல்லுங்க."

என்னிடம் அப்படி யாரும் கேட்டதே கிடையாது! மடமடவென்று சொன்னேன். "வந்ததும் காது கேக்குமா, பேச வருமான்னு கேளுங்க. பேப்பரும் பேனாவும் கையில குடுங்க. பக்கத்துல நின்னவுகளக் கேக்க முன்னாடி, ஆரம்பிச்சப்ப கூட இருந்தது யாருன்னு கேளுங்க. படமா ஒரு அட்டை வச்சா எழுதப் படிக்கத் தெரியாதவுகளும் தொட்டுக் காட்டுவாக."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மனித உடம்பும் கடிகாரமும் வரைந்த அட்டை தயாரானது. பாம்பு, தேள், குளவிப் படங்களையும் போடச் சொன்னேன். நம் பக்கத்துத் தோப்புகளுக்கு அது வேண்டுமே! வாய்ப்பக்கம் கண்ணாடி போல் தெரியும் மாஸ்க்கும் வாங்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் வத்திராயிருப்புப் பக்கம் தென்னை ஏறப் போன ஒருவருக்குத் தொண்டை வீங்கிப் பேச்சு அடைத்துவிட்டதாம். அவர் குளவிப் படத்தைத் தொட்டதும் உடனே மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்களாம். டாக்டரம்மா எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். அதை வாசித்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன்!

இந்தப் பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சன்னதியில் நின்று, "ஆத்தா, உம்மேல இருந்த கோவம் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் காது திரும்பவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் கேட்டது கிடைத்தது. சொந்தங்களே, உங்களில் யாராவது அவளிடம் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தால், அந்தக் கோபத்தோடேயே போங்கள். சண்டை போடுங்கள், திட்டுங்கள், என்ன வேண்டுமோ அதைத் திட்டமாகக் கேளுங்கள். டாக்டரிடமும் அப்படியே. தெரிந்ததைச் சொல்லாமல் ஒதுங்கி நிற்காதீர்கள். வெளியே உட்கார வைத்தாலும் எழுந்து உள்ளே போய்ச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஆத்தா அங்கே போய் நிற்பாள். நான் கண்ணால் கண்டவள், சொல்கிறேன்.