இந்தா வெலகிரும்

என் அண்ணன் கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறான். சினிமாக்காரர்கள் வந்தால் படப்பிடிப்புக்கு இடம் காட்டுவதும் அவன்தான். மூடுபனி இறங்கி, கேமராவுக்கு எதிரே நிற்கிற மரம்கூடத் தெரியாதபோது, "இந்தா வெலகிரும்ங்க" என்பான். பொழுதுக்கும் அதையே சொல்வான். நாள் வாடகைக்கு வந்த ஜீப் அல்லவா, பனிக்கு என்ன அவசரம்!

அதை வைத்துத்தான் என் நகைச்சுவை நாவலை எழுதினேன். ஒரு பாட்டு எடுக்க வந்த கூட்டம் பனியில் சிக்கி, சண்டை போட்டு, ராசியாகி, பாட்டை எடுக்காமலே மலையிறங்கும் கதை. அண்ணன் படித்துவிட்டு, "ஏலே, என்னய வச்சே பேரு வாங்கிட்டியே" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த நண்பன் அதை நாடகமாக்கினான். பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாவில் போட்டோம். ஜீப்காரனாக அண்ணனே நடித்தான். பனிக்காகப் போட்ட சாம்பிராணிப் புகையில் இருமிக்கொண்டே அவன் "இந்தா வெலகிரும்ங்க" என்றதும், ஃபாதர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு நண்பன் சென்னைக்குப் போய் டைரக்டரானான். அதே கதையைப் படமாக்கக் கேட்டு வந்தான். "ஜீப்காரன் நீங்கதாண்ணே. வேற யாரு பண்ண முடியும்?" என்று எங்கள் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கதையைக் கொடுத்தேன். அண்ணன் கூக்கால் கிராமம் வரை போய்ச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

படப்பிடிப்பன்று, சென்னையிலிருந்து வந்திருந்த காமெடி நடிகருக்கு எங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க அண்ணனைக் கேட்டார்கள். அவருக்கு வேறு வேஷம் என்று நினைத்த அண்ணன் ஆசையாகச் சொல்லிக்கொடுத்தான். கேட்டார்கள் என்று தன் கம்பளிக் குல்லாயையும் கழற்றிக் கொடுத்தான். அப்புறம் வெறுந்தலையோடு ஓரமாக நின்றான். அவன் கேட்கும்போதெல்லாம் நண்பன், "இந்தா கூப்புட்ருவோம்ண்ணே" என்றான். சாயங்காலம் பேக்கப் சொல்லிவிட்டார்கள்.

நண்பனின் சட்டையைப் பிடித்தேன். "தயாரிப்பாளர் அப்பவே பெரிய நடிகர்தான் வேணும்னு சொல்லிட்டாருடா" என்றான். அப்பவே என்றால், எங்கள் வீட்டில் கை நனைத்த அன்றே. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

படம் நன்றாக ஓடியது. அதன்பின் ஒருநாள் ஏரிப் பக்கம் சவாரி வந்த குடும்பத்திடம் அண்ணன் வழக்கம்போல "இந்தா வெலகிரும்ங்க" என்றிருக்கிறான். பின் சீட்டில் ஒரே சிரிப்பு. "படத்துல வர்ற மாதிரியே பேசுறீங்களே! ஆனா அவரு அளவுக்கு வரல டிரைவர்" என்றார்களாம்.

இப்போது பனி எப்போது விலகும் என்று யார் கேட்டாலும், "தெரியலீங்க" என்கிறான்.